இருபத்தேழாவது சாரா

மோர்வோய் தீவில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கப் பெற்றவர்கள் இரண்டு பேர் மட்டும் போதாது என்பதை வெஸ்ட்ஹாவ் மாவட்ட மன்றம் ஒரு டிசம்பர் மாதம் கண்டுபிடித்தது. ஆரம்பித்து வைத்தவர் மீன்பண்ணை முதலாளி ஒருவர். "நம்ம சால்மன் மீன் உலகம் பூரா போகுது. நம்ம பிள்ளைங்க பேரு மட்டும் ஏன் பெர்கன் நகரத்தைத் தாண்ட மாட்டேங்குது?" என்று கேட்டார். அன்றைய நிகழ்ச்சி நிரலில் வேறு எதுவும் இல்லாததால், வாஃபிள் ஆறுவதற்குள் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிவிட்டது. ஜனவரி முதல் தேதியிலிருந்து மாவட்டத்தில் புதிதாக வைக்கப்படும் பெயர் நார்வேஜிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒருசேரச் செல்லுபடியாக வேண்டும். அதைச் சரிபார்க்கப் பெயர் இசைவு அலுவலகம் என்று ஒன்று முளைத்தது. பதினான்கு ஊழியர்கள், இரண்டு காப்பி இயந்திரங்கள், ஒரு தியான அறை.

இது எதுவும் சிக்வேயின் காதில் விழவில்லை. தீவுக்கும் கரைக்கும் இடையே ஓடும் ஃபெரியில் அவன் எந்திர அறை மெக்கானிக். அங்கே யார் என்ன கத்தினாலும் காதில் விழாது.

அவன் மனைவி ஹேசல் இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி துறைமுகத்துக்காரி. எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் மீன் ஆலைக்குத் தர ஆய்வாளராக வந்தவள். விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படிப்பாள். மீன்பெட்டி மூடி கொஞ்சம் விலகியிருந்தால் லாரியையே திருப்பி அனுப்பிவிடுவாள். ஆலையில் அவளைக் கண்டால் மேலாளரே சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி அவளுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸ் ஃபெரியில் ஏறியது. புயல் காற்றும் கூடவே ஏறியது. ஐம்பது நிமிடம் கப்பல் துறையை நெருங்க முடியாமல் அலையில் ஆடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்களில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார், மற்றவர் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஃபெரியில் ஸ்வேலே என்கிற தடித்த அப்பம் சுட்டு விற்கும் ரூனா என்கிற பெண்மணிதான் அடுப்பை அணைத்துவிட்டு, கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து பிரசவம் பார்த்தாள். எந்திரத்தை விட்டு நகர முடியாமல் கீழே நின்ற சிக்வேக்கு, பெண் குழந்தை என்ற செய்தி பேச்சுக் குழாய் வழியாகத்தான் வந்தது. குழந்தைக்கு ரூனா என்று பெயர் வைப்பது என்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சே நடக்கவில்லை. வேறு என்ன வைப்பார்கள்?

ஹேசல் கிரிம்ஸ்பிக்குப் போன் போட்டாள். அவள் அப்பா வால்ட்டர் நாற்பது வருடம் கடலில் மீன் பிடித்தவர். இப்போது நுரையீரல் போய், ஆக்ஸிஜன் உருளையோடு உட்கார்ந்திருந்தார். கோடை வரை தாங்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"ரூனா," என்று வால்ட்டர் சொல்லிப் பார்த்தார். "நல்ல பேரும்மா. மூச்சு வாங்காம சொல்ல முடியுது. எப்போ கூட்டிட்டு வர்ற? ஒரு தடவை தூக்கிடணும் நான்."

"பாஸ்போர்ட் வந்ததும் கிளம்பிடுவோம்பா."

பாஸ்போர்ட்டுக்குப் பெயர் வேண்டும். பெயருக்கு அலுவலகம் வேண்டும். குழந்தையின் காகிதங்களில் அதுவரை 'பெண் 27' என்று போட்டிருந்தது. அந்த வருடம் மாவட்டத்தில் பிறந்த இருபத்தேழாவது பெண் அவள்.

அலுவலகத்தில் வென்ச்சே என்ற அதிகாரி வாசலிலேயே வந்து கட்டிக்கொண்டார். காலில் கம்பளிக் காலுறை, மேஜையில் மெழுகுவர்த்தி. எங்கள் நாட்டில் அமைச்சரையும் நீ என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் சிநேகமாகத்தான் அறுப்போம்.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க. இங்க எல்லாரும் ஒரே குடும்பம். பேரு என்ன யோசிச்சிருக்கீங்க?"

"ரூனா," என்றான் சிக்வே.

வென்ச்சே கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா. எனக்குள்ள என்னமோ பண்ணுது. சரி, இங்கிலீஷ்ல இது எப்படி இருக்கும்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"நான் இங்கிலீஷ்காரிதானே," என்றாள் ஹேசல்.

"அங்கதான் சிக்கலே. நீ இங்கிலீஷ்காரியா இருக்க, குழந்தைக்கு அம்மாவாவும் இருக்க. உனக்குப் பாரபட்சம் வந்துடும். உங்கப்பாவுக்கும் அதே கதைதான். அதனால நாங்களே ஒரு இங்கிலீஷ் குழு வெச்சிருக்கோம். ஒருத்தர் லண்டன்ல நாலு மாசம் இருந்திருக்காரு. இன்னொருத்தங்க கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற தொடரெல்லாம் கீழே எழுத்து இல்லாமயே பார்ப்பாங்க. மூணாவது ஆளு எங்க இயக்குநர் ஹால்கெயர். அவருக்கு இங்கிலீஷ்ல நம்பிக்கை ஜாஸ்தி."

"ஹால்கெயர்ங்கிற பேரை எந்த இங்கிலீஷ்காரன் சொல்லுவான்?" என்று சிக்வே அப்பாவியாகக் கேட்டான். கிண்டல் செய்யத் தெரிந்தவன் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினான்.

"நாங்கல்லாம் சட்டத்துக்கு முன்னாடியே பிறந்துட்டோம்ல," என்று வென்ச்சே அன்பாகச் சிரித்தார். "இனிமே வர்றவங்களுக்குத்தான் இது. குழந்தைங்களை மட்டும் குறி வெச்சா பாகுபாடு ஆயிடும்னு, 'புதிதாகப் பெயர் பெறும் எவரும், எதுவும்'னு போட்டோம். படகு, பாலம், எல்லாமே வரும். சமத்துவத்துல நாங்க கறார். இப்பவே சாரான்னு வெச்சுக்கிறதா இருந்தா ஒரு நிமிஷத்துல முடிச்சிடலாம். அது ஏற்கெனவே தேறின பேரு. வேற எதுவும் இன்னும் தேறலை."

"எத்தனை பேருக்கு சாரான்னு வெச்சிருக்கீங்க?"

"இதுவரைக்கும் பதினொண்ணு. எல்லாருமே ரொம்ப சந்தோஷமா இருக்காங்க."

ஆறு மாதத்துக்குள் பெயர் தேறாவிட்டால், கையிருப்புப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர் வழங்கப்படும், பதினெட்டு வயது வரை மாற்ற முடியாது என்பதையும் வென்ச்சே சொன்னார். பட்டியலில் எத்தனை பெயர் இருக்கிறது என்று ஹேசல் கேட்டாள். இப்போதைக்கு ஒன்று என்றார் வென்ச்சே. அதையும் ஏன் குலுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அப்போதுதான் யாருக்கும் மனவருத்தம் இருக்காது என்றார்.

மார்ச் மாதம் நார்வேஜியத் தேர்வு நடந்தது. தேர்வு என்றால் மலையில். சிவப்பு மழைச்சட்டை போட்டு, பையில் ஆரஞ்சுப் பழமும் சாக்லெட்டும் வைத்துக்கொண்டு இயக்குநர் ஹால்கெயர் நேரிலேயே வந்துவிட்டார். தாடி வைத்த, நல்ல உயரமான மனிதர். எதிரில் ஒரே ஒரு ஆள் நின்றாலும் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது போலவே பேசுவார்.

"நார்வேக் குழந்தைன்னா என்ன? மலையில தொலையற குழந்தை. தொலைஞ்சா கூப்பிடணும், கூப்பிட்டா கேக்கணும். நானூறு மீட்டர், எதிர்க்காத்து, மழை. இதுல நிக்காத பேரு நமக்கு எதுக்கு?" என்றார். பிறகு கைகளை வாயில் குவித்து, "ரூனா!" என்று ஒரு கத்துக் கத்தினார்.

எங்கள் தீவில் வருடம் முழுக்க வெளியிலேயே மேயும் ஒரு வகை ஆடு உண்டு. மலையில் ஒரு மனிதன் நின்று எதைக் கத்தினாலும் தீனி கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்து அது ஓடி வரும். ஏழு ஆடுகள் பனிமூட்டத்திலிருந்து வந்து இயக்குநரைச் சூழ்ந்துகொண்டன. ஒன்று அவர் பையிலிருந்த ஆரஞ்சைத் தோலோடு தின்றது.

ஹால்கெயர் குறிப்பேட்டில் எழுதினார்: இப்பெயருக்கு விலங்குகள் தரப்பில் ஏற்கெனவே பயன்பாடு உள்ளது.

"வேற பேரு சொல்லிக் கத்திப் பாரு, அப்பவும் வரும்," என்றான் சிக்வே.

"அதுக்கு நடைமுறையில இடமில்லை சிக்வே," என்று ஹால்கெயர் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஏப்ரலில் ஆங்கிலத் தேர்வு. அலுவலகத்தின் நிலவறையில் ஒரு விமான நிலையத்தையே அமைத்திருந்தார்கள்: வரிசையாக நாற்காலிகள், கயிற்றுத் தடுப்பு, பூந்தொட்டி, மைக். மைக்கில் பெயரை அழைத்ததும் பயணி இரண்டு நிமிடத்துக்குள் கவுண்டருக்கு வந்து தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள வேண்டும். பயணிக்கு அன்றைக்கு ஒன்பது வாரம் ஆகியிருந்தது. அவள் தள்ளுவண்டியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

"ரூனா," என்று மைக்கில் அழைத்தார் லண்டனில் நாலு மாதம் இருந்தவர்.

"இதோ இங்க இருக்கா," என்றாள் ஹேசல்.

"நீ பேசக் கூடாது ஹேசல், உனக்குப் பாரபட்சம்," என்று வென்ச்சே காதோடு சொன்னார்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. ஹால்கெயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "விமானம் போயிடுச்சு. உலகம் யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்காதும்மா."

"எங்கப்பாவாலயும் காத்துக்கிட்டு இருக்க முடியாது. அவர் சாகக் கிடக்கிறாரு. அவர் பேத்தியை ஒரு தடவை கையில வாங்கணும்."

அறையில் எல்லோருக்கும் கண் கலங்கியது. வென்ச்சே காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நீட்டினார். "உன் வலி எங்களுக்குப் புரியுது," என்றார் ஹால்கெயர். "அதனாலதான் உன் கேஸைத் தள்ளுபடி பண்ணாம, பொதுக் கருத்துக் கேட்புக்கு அனுப்பறேன். இதைவிட ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்கு என்ன பண்ண முடியும்?"

எங்கள் நாட்டில் ஒரு கல்லை நகர்த்துவதானாலும் அந்தக் கல்லைக் கடந்து போகிற அத்தனை பேரிடமும் கருத்துக் கேட்போம். ரூனா என்ற பெயர் அறுபத்தொரு அமைப்புகளுக்குப் போனது. கருத்துச் சொல்லப் பன்னிரண்டு வாரம். சாலைத் துறை, பனி அள்ளும் வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாதவரை மறுப்பில்லை என்றது. பனிச்சறுக்கு மன்றம், பந்தயச் சட்டையில் எண்ணுக்குக் கீழே பெயர் அடங்குமா என்பதை அளந்து சொல்லக் கேட்டது. தேவாலயப் பாடகர் குழு, 'எங்களுக்குக் கருத்து ஏதும் இல்லை, இருந்தாலும் கலந்தாலோசித்ததற்கு நன்றி' என்று எழுதியது. 'இருந்தாலும்' என்ற சொல் வந்தால் விதிப்படி அது கவலை. ஒவ்வொரு கவலைக்கும் அலுவலகம் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். நார்வேஜியத்தை எழுத இரண்டு முறைகள் உண்டு. மே மாதம் அதில் இரண்டாவது எழுத்து நார்வேஜியத்தின் ஆர்வலர் சங்கம், கடிதம் முதலாவது எழுத்து நார்வேஜியத்தில் வந்ததால் தாங்கள் அதைப் பார்க்கவே இல்லை என்று தெரிவித்தது. எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

சிக்வே முதலில் உடைந்தான். "சாரான்னே வெச்சிடலாம் ஹேசல். உங்கப்பாவைப் பார்த்துட்டு வந்துடலாம். வீட்டுக்குள்ள ரூனான்னு கூப்பிட்டுக்கலாம்."

அப்பத்துக்காரி ரூனாவே வீட்டுக்கு வந்து சொன்னாள். "ஏண்டி, என் பேரா பெரிசு? அந்த மனுஷன் மூச்சை எண்ணிக்கிட்டு இருக்காரு. சாராவோ கீராவோ, எதையாவது வெச்சுத் தொலைச்சிட்டுப் போயிட்டு வாங்க."

வால்ட்டரிடம் ஹேசல் போனில் சொன்னாள். "ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் ரூனான்னு சொல்லிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரன்கூடக் கேக்கறான், ரூனா எப்போ வர்றான்னு. சரி போகட்டும். சாராவையே கூட்டிட்டு வா. சீக்கிரம் வாம்மா," என்றார்.

ஹேசல் பல்லைக் கடித்துக்கொண்டு சாரா என்று எழுதிக் கொடுக்கப் போனாள். வென்ச்சே ரொம்ப சந்தோஷப்பட்டார். அப்புறம் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய விண்ணப்பத்தை வாபஸ் வாங்கணுமே. அது கருத்துக் கேட்புல இருக்கு. வாபஸ் வாங்கறதைப் பத்தியும் அந்த அறுபத்தொரு பேரைக் கேக்கணும். கேக்காம விட்டா அவங்க மனசு என்ன பாடுபடும்?"

"எத்தனை நாள்?"

"பன்னிரண்டு வாரம். ஆனா இது ரொம்ப இலகுவான பன்னிரண்டு வாரம்."

ஜூன் மூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு வால்ட்டர் இறந்துபோனார். ஹேசலின் தம்பி போனில் சொல்லிக்கொண்டிருந்தபோதே வாசலில் தபால் விழுந்தது. அலுவலகக் கடிதம். மேலே ஒரு சிரிக்கும் சூரியன் படம். 'ஹாய் சிக்வே! ஹாய் ஹேசல்! நல்ல செய்தி: உங்கள் கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது!'

பச்சைக் குழந்தையைப் பெயரில்லாமல் எந்த விமானமும் ஏற்றாது. குழந்தையைச் சிக்வேயிடம் விட்டுவிட்டு ஹேசல் மட்டும் போனாள். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்க வலிக்கச் சவக்குழிப் பக்கத்தில் நின்று, அப்பாவுக்கு மண் போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் அழவில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, மாவட்டப் பெயர் விதிகள் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் அட்டை முதல் அட்டை வரை படித்தாள். சிக்வேக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. எங்கள் ஊரில் கோபம் வந்தால் யாரும் கத்தமாட்டார்கள், படிவம் நிரப்புவார்கள். ஹேசல் எட்டு வருடத்தில் எங்கள் ஊர்க்காரியாகவே ஆகியிருந்தாள்.

அந்த வாரமே உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. பெயர் இசைவு அலுவலகம் பக்கத்து மாவட்டத்து அலுவலகத்தோடு இணைகிறது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அதற்குப் புதுப் பெயர்: நாவியா. ஆஸ்லோவிலிருந்து வந்த ஆலோசகர்கள் ஐந்து மாதம் ரூம் போட்டு யோசித்த பெயர். பக்கத்திலேயே ஹால்கெயரின் பேட்டி. 'இந்தப் பெயருக்கு நார்வேஜிய மொழியிலும் பொருள் கிடையாது, ஆங்கிலத்திலும் பொருள் கிடையாது. ஆகவே இரண்டிலும் ஒரே தரத்தில் வேலை செய்யும். எங்களைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது' என்று சொல்லியிருந்தார்.

ஹேசல் அதைக் கத்தரித்துக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். "எவரும், எதுவும்," என்றாள். "ஜனவரிக்கு அப்புறம் புதுசாப் பேரு வாங்கற எதுவும்."

"அவங்களுமா?" என்றான் சிக்வே.

"அவங்களும்தான். விதி நாலு, பக்கம் ஒன்பது. யாராவது ஒரே ஒருத்தர் கேட்டாப் போதும், கருத்துக் கேட்பு நடத்தியே ஆகணும்."

அடுத்த சனிக்கிழமை துறையோரப் படகுக் கொட்டகையில் டுக்னாட் என்று ஊருக்கெல்லாம் தகவல் போனது. டுக்னாட் என்றால் ஊரே கூடிக் கூலியில்லாமல் உழைப்பது. வராதவன் மூஞ்சியில் அடுத்த டுக்னாட் வரை யாரும் விழிக்கமாட்டார்கள். வழக்கமாகப் பெயின்ட் அடிப்போம், குப்பை அள்ளுவோம். தூரிகையோடு வந்தவர்கள் மேஜை மேல் பேனாவும் காகிதமும் இருப்பதைப் பார்த்து விழித்தார்கள். பனிச்சறுக்கு மன்றச் செயலாளர், பாடகர் குழுக்காரர்கள், இரண்டாவது எழுத்து நார்வேஜியச் சங்கத்து ஆசிரியை எல்லாரும் வந்திருந்தார்கள். அந்த அறுபத்தொரு அமைப்பும் வேறு யார்? எங்கள் ஊர் ஆட்கள்தான். கடிதம் வந்தது, ஏதாவது எழுதுவதுதானே மரியாதை என்று எழுதிப் போட்டுவிட்டு மறந்திருந்தார்கள்.

அப்பத்துக்காரி ரூனா கரண்டியோடு நடுவில் வந்து நின்றாள். "கருத்து ஏதும் இல்லை, இருந்தாலும்னு எழுதினது யாரு? கை தூக்குங்கடா. வெக்கப்படாம தூக்கு. ஒவ்வொரு 'இருந்தாலும்'க்கும் ஒரு வாரம். எட்டு பேரு எழுதியிருக்கீங்க, எட்டு வாரம். அந்த எட்டு வாரத்துல ஒரு கிழவன் பேத்தியைத் தூக்காமயே செத்துப் போனான். இப்போ உக்காந்து எழுதுங்க. எழுதி முடிக்காதவனுக்கு அப்பம் கிடையாது."

எட்டுக் கைகள் மெதுவாக மேலே போயின. அப்புறம் பேனாக்கள் ஓட ஆரம்பித்தன. சாயங்காலத்துக்குள் நூற்று முப்பத்தொன்பது கருத்துகள் எழுதியாயிற்று. ஒன்றில்கூட மரியாதைக் குறைவான சொல் கிடையாது. காட்டுமான் வேட்டைக் குழு, நாவியா என்ற பெயரை வயர்லெஸ்ஸில் அழைத்தால் மான் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்துகொள்ள விரும்பியது. பின்னல் வட்டம், அந்தப் பெயரைக் கையுறையில் பின்னினால் கட்டை விரல் எங்கே போகும் என்று கவலைப்பட்டது. இரண்டாவது எழுத்து நார்வேஜிய ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டே மூன்று பக்கம் எழுதினார். பெயர் இரண்டிலும் ஒன்றேதான் என்றாலும், தமக்குத் தனியாக அனுப்பவில்லையே என்பது அதன் சாரம்.

அலுவலகம் தன் விதியைத் தானே மீற முடியாது. நூற்று முப்பத்தொன்பது கவலைகளையும் பதிவு செய்தது. பெயரைத் தேர்வுக்கும் அனுப்ப வேண்டும். ஆனால் அலுவலகத்து ஊழியர் பதினான்கு பேருக்கும் அதில் பாரபட்சம் இருக்கும் என்பதால் ஒருவரும் தேர்வாளராக இருக்க முடியாது. சம்பந்தமே இல்லாத ஓர் ஆங்கிலம் தெரிந்த ஆளை மாவட்டம் முழுக்கத் தேடினார்கள். ஒரு வாரத்தில் ஹேசலுக்குக் கடிதம் வந்தது. 'இவ்விஷயத்தில் உனக்குச் சொந்தத் தொடர்பு ஏதும் இல்லாததால், ஆங்கிலத் தேர்வை நடத்தித் தர அன்போடு அழைக்கிறோம்.'

ஹேசல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலவறைக்குப் போனாள். மைக்கை வாங்கி, "நாவியா," என்று தெளிவாக அழைத்தாள். இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தாள். ஹால்கெயர் வாயைத் திறந்தபோது, "நீ பேசக் கூடாது, உனக்குப் பாரபட்சம்," என்றாள். பிறகு அறிக்கையில் எழுதினாள்: அழைக்கப்பட்ட அலுவலகம் எழுந்து கவுண்டருக்கு வரவில்லை. விமானம் போய்விட்டது.

ஜூலை முழுக்க நாடே விடுமுறையில் போய்விட்டது. பழைய பெயர் தீர்மானப்படி ஜூலை முப்பத்தொன்றாம் தேதியோடு காலாவதியானது. ஆகஸ்ட் முதல் தேதி திறப்பு விழாவை ஒத்திப்போட யாரும் ஊரில் இல்லாததால் அது நடந்தேவிட்டது. பள்ளி வாத்தியக் குழு வாசித்தது. பலகையை மூடியிருந்த துணியை மட்டும் விலக்க முடியவில்லை. கேக்கின் மேல் எழுதியிருந்த பெயரை மறைக்க ஒரு துண்டைப் போட்டு, அடியிலிருந்து வெட்டிக் கொடுத்தார்கள். மாவட்ட மன்றத் தலைவர் உரையை ஆரம்பித்தார். "இன்றைக்கு நாம் திறந்து வைக்கும் இந்த..." என்றார். கொஞ்சம் நின்றார். "இந்தக் கட்டடம் அழகாக இருக்கிறது," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

பெயரில்லாத அலுவலகம் எதிலும் கையெழுத்துப் போட முடியாது. தொலைபேசியை எடுத்து வென்ச்சே, "ஹாய்! நீ கூப்பிட்டிருக்கிறது..." என்பார், அதற்குப் பிறகு மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கும். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி பெண் 27-க்குக் குலுக்கல் நடத்த வேண்டியிருந்தது. குலுக்கல் சீட்டில் முத்திரை குத்த முத்திரையில் பெயர் வேண்டுமே. ஆறு மாதத்தோடு பழைய விண்ணப்பம் முடிந்துவிட, ஹேசல் அன்றைக்கே ரூனா என்று புதிதாக ஒன்று போட்டாள். நான்கு வாரத்துக்குள் பதில் வராத விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்பது விதி பத்தொன்பது. செப்டம்பர் ஆறாம் தேதி குழந்தை சட்டப்படி ரூனா ஆனாள். அதற்குள் மாவட்டத்தில் சேர்ந்துவிட்டிருந்த இருபத்தாறு சாராக்களின் பெற்றோரும், குலுக்கலில் வராத பெயரை மாற்றத் தடையில்லை என்பதால், வரிசையில் நின்று விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வராமலிருக்கக் கடவுளை வேண்டிக்கொண்டார்கள். பதில் வரவில்லை. சிலர் மட்டும் பழகிவிட்டது என்று சாராவையே வைத்துக்கொண்டார்கள்.

அக்டோபரில் மூன்று பேரும் கிரிம்ஸ்பி போனார்கள். ஹேசல் குழந்தையைக் கல்லறைப் புல்லில் உட்கார வைத்தாள். "அப்பா, ரூனா வந்திருக்கா," என்றாள். குழந்தை புல்லைப் பிடுங்கி வாயில் போட்டது. சிக்வே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

பிப்ரவரி முதல் தேதியோடு அலுவலகம் பெயரில்லாமல் ஆறு மாதம் ஆயிற்று. விதிப்படி கையிருப்புப் பட்டியலிலிருந்து குலுக்கல். மன்றத் தலைவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு சீட்டு கிடந்த கிண்ணத்தில் கையை விட்டு ரொம்ப நேரம் துழாவினார். வாசலில் பித்தளைப் பலகை ஏறியது: சாரா. மாற்ற வேண்டுமானால் பதினெட்டு வருடம் காத்திருக்க வேண்டும்; அல்லது நூற்று முப்பத்தொன்பது பேரும் தங்கள் கவலைகளை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். கடிதங்களில் ஹால்கெயர் 'இயக்குநர், சாரா' என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஆஸ்லோவிலிருந்து வந்த பதில்கள் எல்லாமே 'ஹாய் சாரா!' என்று தொடங்கின.

பத்து நாள் கழித்து அவர் ஃபெரியேறித் தீவுக்கு வந்தார். சிக்வேயின் வீட்டு வாசல் இடைவழியில் ஷூவைக் கழற்றிவிட்டு, ஈரக் காலுறையோடு நின்றார். சிக்வே காப்பி கொடுத்தான். எங்கள் ஊரில் யார் வந்தாலும் காப்பி கொடுப்போம்.

"ஊர்ல எல்லாரும் வாபஸ் வாங்கத் தயார்தான்," என்றார் ஹால்கெயர். இப்போது அவர் ஒரு ஆளைப் பார்த்தே பேசினார். "ஹேசல் முதல்ல போட்டாத்தான் போடுவோம்கிறாங்க. மந்திரி ஆபீஸ்ல கூப்பிட்டு, சாரா இருக்காங்களான்னு கேக்கறாங்க சிக்வே. நான் இருக்கேன்னு சொல்ல வேண்டியிருக்கு. என் பொண்டாட்டி சிரிக்கிறா. முப்பது வருஷம் நாட்டுக்கு உழைச்சிருக்கேன். ஒரு கையெழுத்துதானே? மனுஷனுக்கு மனுஷன் கொஞ்சம் இரக்கம் வேண்டாமா?"

சிக்வே அவர் குவளையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினான். அவனுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஹேசல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள்.

"உன் வலி எனக்குப் புரியுது ஹால்கெயர்," என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ எத்தனை நாள் காத்துக்கிட்டு இருக்கணும்னு மட்டும் சொல்லிடு ஹேசல்."

"ரொம்ப நாள் இல்லை. எங்கப்பா எழுந்து வந்து இவளை ஒரு தடவை தூக்கட்டும். அன்னைக்கே போட்டுத் தரேன்."

அவர் கையிலிருந்த குவளையை அவளே வாங்கிக்கொண்டாள். அவர் குனிந்து ஷூவைப் போட்டுக்கொள்ளும் வரை பொறுமையாக நின்று, கதவைத் திறந்துவிட்டு, வெளியே வழுக்கும் பார்த்துப் போ என்றாள்.